இடப்பக்கம் ஒரு கிலோ கூட

குளியலறைத் தராசை
வரவேற்பறைக்கு இழுத்து வந்திருக்கிறேன்.
என் எடையைச் சொன்னபோதெல்லாம்
பொய் என்று ஏச்சு வாங்கியது
இன்று என் பெட்டிகளுக்குச் சாட்சி.

வலப்பெட்டி பன்னிரண்டு புள்ளி ஒன்று.
இடப்பெட்டி ஒன்பது புள்ளி நான்கு.

இரண்டும் சரிசமம் இருக்கணும் என்பார்கள்.
என் வண்டிக்கு அந்த நியாயம் ஒத்துவராது.
கிராஃப் ரெய்னெட் தாண்டி, சரளைச் சாலையில்
வலப்பக்கம் விழுந்த நாளிலிருந்து
வலமே சாய்ந்து ஓடுகிறது.
சட்டத்தை நிமிர்த்தினார்கள். நிமிரவில்லை.
ஆகவே இடப்பக்கம் ஒரு கிலோ கூட வேண்டும்.
பட்டறைக்காரன் சிரிக்கிறான்.
வேன் ரீனன் கணவாயில் குறுக்குக்காற்று அறையும்போது
அவனா வந்து பிடிக்கப்போகிறான்?

இருபத்தாறு வருடம் பிரசவ வார்டில்
பச்சைப் பிள்ளைகளைக் கிராம் கிராமாய் நிறுத்தவள் நான்.
கம்பளத்தின்மேல் கிடப்பவற்றையும்
அப்படித்தான் ஒவ்வொன்றாய் ஏந்துகிறேன்.
கிளட்ச் கேபிள், உபரியாய் ஒன்று.
டயர் நெம்பும் கம்பி மூன்று.
கூடாரம்; போன மழையின் மணம் இன்னும் அதில்.
அடுப்பு, அதன் வயிற்றில் மடித்த தீப்பெட்டி.
முழங்கால் தைலம்,
இதைச் சின்ன டப்பாவுக்கு மாற்றினேன், நாற்பது கிராம் லாபம்.
சீனி அவரைக்காய்க் கறிக்குச் சொந்த மசாலா,
மருந்துப் புட்டியில் அடைத்தது.
அப்பிங்டன் காவல்துறை நிறுத்தினால்
மோந்து பார்த்துவிட்டுத் தும்மட்டும்.

பின்னிருக்கையைக் கழற்றியதைப்
பக்கத்து வீட்டுப் பூவேந்திரன் பார்த்துவிட்டான்.
"அக்கா, அப்ப பின்னால யாரு?"
"தண்ணீர்" என்றேன். "பத்து லிட்டர்.
வழி கேட்காது, பயத்தில் இடுப்பைக் கிள்ளாது,
தாகம் எடுத்தால் தானே குறைந்துகொள்ளும்."
அவன் மனைவி சன்னலுக்குள்ளிருந்து சிரித்தாள்.
அவன் சிரிக்கவில்லை.

மாலை நாலு மணிக்கு ஒரு குரங்கு
திறந்த கதவால் வந்து
தராசில் ஏறி உட்கார்ந்தது.
நாலு கிலோ இருநூறு.
உலர்ந்த வாழைப்பழப் பொட்டலத்தோடு போனது.
சாட்ஸ்வர்த்தில் இதற்கெல்லாம் யாரும் புகார் எழுதுவதில்லை.
பட்டியலில் ஒரு வரியை அடித்தேன்.

ஏழரைக்கு சவுந்தரி எலுமிச்சை ஊறுகாயோடு வந்தாள்,
கண்ணாடிப் புட்டி, எண்ணூற்றைம்பது.
"இதை வைக்க இடமில்லை அக்கா."
"அப்படீன்னா ஒரு சட்டையை எடு."
ஸ்பிரிங்பாக்கில் பூ பூத்திருக்கிறதா என்று கேட்டாள்.
பூத்திருக்கும், இல்லாமலும் இருக்கும்,
ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் போய்த்தான் பார்க்கணும் என்றேன்.
"பைத்தியம்" என்று நெற்றியில் திருநீறு இட்டாள்.
திருநீற்றுக்கு எடை இல்லை. நல்லவேளை.

எட்டுக்குக் கரண்ட் போனது.
அறிவித்த நேரம்தான், மறந்திருந்தேன்.
நெற்றி விளக்கைத் தேடக் கைநீட்டி,
பிறகு வேண்டாமென்று விட்டேன்.
கரூவில் இருட்டு இதைவிடக் கெட்டியாக இருக்கும்,
பழகட்டும்.
விரல்களால் கட்டினேன்.
குளிர்க் காலுறை கம்பளியாய்ச் சொரசொரத்தது,
பிளேடு தன் உறையைச் சொன்னது,
ஊறுகாய் குளிர்ந்து கனத்து இடப்பெட்டிக்குள் இறங்கியது,
இரண்டாவது பாத்திரம் வெளியே வந்தது.
ஒருத்திக்கு ஒன்று போதும்.
இந்த ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான்
மூன்று ஆகஸ்ட் ஆயிற்று.

விளக்கு வந்தபோது தராசு ஏற்றிக் காட்டியது:
வலம் பத்து புள்ளி ஏழு.
இடம் பதினொன்று புள்ளி ஏழு.
யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.
தராசிடமே சொன்னேன்.

விடிகாலை நாலு மணி.
பெட்டிகள் பூட்டி, வார் இறுக்கி,
தெருநாய்கள் எழாதபடி
எஞ்சினை உயிர்ப்பிக்காமல் சரிவில் உருட்டுமுன்
வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.
கம்பளத்தில், மேசைக்காலின் ஓரம்
கூடாரத்து முளை ஒன்று,
பன்னிரண்டில் ஒன்று, பதினாலு கிராம்.

மறுபடி எந்தப் பூட்டைத் திறப்பது.
மேல்கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.
எந்தப் பக்கத்துப் பை என்று
வண்டிக்குச் சொல்லவில்லை.