சாலு

சுருட்டப்பள்ளிப் பாலத்துக்கு அந்தப் பக்கம்
ஊறுகாய் கம்பெனியில் என் நாக்குக்குச் சம்பளம்.
ஆவக்காய், கோங்கூரா, எலுமிச்சை:
பீப்பாய்க்கு ஒரு விரல்.
"உப்பு சரிபோயிந்தா, தேசம்மா?"
போதாதென்றால் உதட்டைப் பிதுக்குவேன்.
போதுமென்றால் "சாலு".
பதினாறு வருஷம். ஒரு ஜாடி கெட்டதில்லை.

தெலுங்கில் சாலா என்றால் நிறைய,
சாலு என்றால் போதும்.
கடைசித் துணைக்கால்தான் வித்தியாசம்.
கம்பெனியில் சாலு சொல்லிவிட்டு
மதியச் சோற்றுக்கு சாலா.
கீரை கட்டு இருபது ரூபாய்,
விரிசல் விட்ட ஜாடி ஊறுகாய் சும்மா.
ஒரு குண்டான் சோற்றை
அது தனியாளாக இழுத்துவிடும்.

வீடு தேடி வந்த நர்ஸ் புள்ளை
கையில் பட்டை சுற்றி, ஊதி,
நூற்றி எழுபத்தெட்டு என்றாள்.
"ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன் உப்பு. எல்லாம் சேர்த்து."
சிரித்துவிட்டேன். காலை பத்து மணிக்கே
நான் நக்கி முடிக்கிற அளவு அது.
அவள் சிரிக்கவில்லை.
என் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.
குழி விழுந்தது.
நிரம்ப நேரமெடுத்தது.

ருசி பார்த்ததைத் துப்பப் பழகினேன்.
வீட்டில் கல் உப்பை எண்ணிப் போட்டேன்.
சோறு பஞ்சு, ரசம் பாத்திரம் கழுவின தண்ணி.
கோதண்டன் தட்டைத் தள்ளிவிட்டு
ஊத்துக்கோட்டை ஓட்டலுக்கு நடந்தான்.
ஐந்தாம் வாரமோ ஆறாம் வாரமோ
தண்டுக்கீரைக்கு உள்ளேயே
கொஞ்சம் உப்பு இருந்தது.
யார் போட்டது?

அங்கேதான் வினை.
புது நாக்கு பீப்பாய்க்கும் சீக்கிரமே சாலு என்றது.
சத்தியவேட்டிலிருந்து பதினொரு ஜாடி திரும்பின,
மேலே வெள்ளைப் பூஞ்சை.
ரமணய்யா திட்டவில்லை. ஜாடியையே பார்த்தார்.
மாங்காய் கெடாமலிருக்க எவ்வளவு வேண்டுமோ
அவ்வளவு போதும், நான் கெட.

இப்போது லேபிள் ஒட்டுகிறேன்.
நாளுக்கு நாற்பது ரூபாய் குறைச்சல்.

விஷம் குடித்த களைப்பில்
சாமி மல்லாந்து படுத்திருக்கிற ஊர் இது.
அவருக்கு ஒரே மடக்கு,
தொண்டையைப் பிடித்து நிறுத்தவும் ஆளிருந்தது.
எனக்கு விரல் விரலாக, ருசியாக.

என் இடத்துக்கு வந்த சுப்பரத்னா
மூன்று மணிக்கே சொம்பு சொம்பாகத் தண்ணி குடிக்கிறாள்.
கொலுசு இறுக்குகிறதாம், புதுசு வாங்கணுமாம்.

நாளைக்கு அவளை உட்காரவைத்து
கணுக்காலை அழுத்திப் பார்க்க வேண்டும்.