சாதனம் உபயோகத்தில் உள்ளது

மீனாட்சிபுரம் செக்போஸ்டில்
பாலுக்கென்று தனி வரிசை.
ஓணத்துக்கு இன்னும் ஐந்து நாள்.
உடுமலையிலிருந்து வந்த டேங்கர்
பதினொன்றேகாலிலிருந்து நிற்கிறது.
மூன்றாவது கட்டன் முடித்த டிரைவர் மயில்சாமி
சன்னல் கம்பியைப் பிடித்தபடி கேட்கிறார்,
"ஏனுங்க, கோளாறு பாலுக்கா, பொட்டிக்கா?"

பொட்டிக்குத்தான்.

பால் பார்க்கும் கருவி நேற்று புதிதாக வந்தது.
அதன் திருத்த எண்கள் இரண்டு குறுந்தகட்டில் வந்தன,
கம்பெனிக்காரனுக்கு இன்னும் இரண்டாயிரத்து எட்டாம் வருஷம்.
எங்கள் கணினியில் லினக்ஸ்.
மெனு முழுக்க மலையாளம்,
நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்.

தகட்டை வைத்துத் தட்டைத் தள்ளினேன்.
கிர்ரென்று சுற்றியது,
யோசித்தது,
அடங்கிவிட்டது.
திரையில் ஒரு படமும் முளைக்கவில்லை.

"எந்தாயி பல்கீசே?"
ரெஜிமோள் மேடம் மணி பார்த்துக்கொண்டே கேட்டார்.
"இப்ப ஆயிடும் மேடம்."

ஆகவில்லை. கருப்புத் திரையைத் திறந்தேன்.
கர்னல் தன் குறிப்பேட்டில் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தது:
டிரைவ் உண்டு, பெயர் எஸ்ஆர் சைபர்.
தகடு உண்டு, அறுநூற்றுப் பன்னிரண்டு எம்பி.
ஆள் வாசலில் வந்து நிற்பது தெரிகிறது.
வாங்க என்று சொல்லத்தான் யாருமில்லை.

மவுண்ட் என்று அடித்தேன்.
'ஏற்ற வேண்டிய இடம் இல்லை' என்றது.
எந்த இடம்?
நான் இடமே சொல்லவில்லையே.

அது அப்புறம். முதலில் டேங்கர்.
எம்என்டி என்ற வெற்றுக் கோப்புறையைக் காட்டி
இதில் ஏற்று என்றேன். ஏறியது.
உள்ளே நுழைந்து
எண்களை ஒவ்வொன்றாகக் கருவிக்குக் கொடுத்தேன்.
கொழுப்பு முடிந்தது.
கொழுப்பல்லாத திடப்பொருளுக்கு இரண்டாவது தகடு வேண்டும்.

பொத்தானை அழுத்தினால் தட்டு வரவில்லை.
மறுபடி அழுத்தினேன். நகத்தால் நெம்பினேன்.
துப்பட்டாவின் ஊக்கைக் கழற்றி
அந்தச் சின்ன ஓட்டையில் குத்தலாமா என்றுகூட
கையில் எடுத்துவிட்டேன்.
'சாதனம் உபயோகத்தில் உள்ளது.'
நள்ளிரவு தாண்டி இதை யார் உபயோகிக்கிறார்கள்?
பட்டியல் கேட்டேன்.
ஒரே ஒரு பெயர். என்னுடையது.
நுழைந்த கோப்புறையைவிட்டு
நான் இன்னும் வெளியே வரவில்லை.
என் காலடியில் தகட்டை வைத்துக்கொண்டு
கதவைக் குறை சொல்லியிருக்கிறேன்.

சிடி, இடைவெளி, இரண்டு புள்ளி.
வெளியே வந்தேன். இறக்கினேன்.
தட்டு தானே நாக்கை நீட்டியது.
தகடு இளஞ்சூடாக இருந்தது,
இப்போதுதான் கறந்த மாதிரி.

ஒன்று பத்துக்கு மயில்சாமி கிளம்பினார்.
கொழுப்பு மூன்று புள்ளி ஏழு,
மற்றது எட்டரைக்குக் கொஞ்சம் மேலே.
"பாலு தப்பிச்சுது" என்றார்,
கேலியா என்று தெரியவில்லை.

வரிசை காலி. இப்போது அந்த இடத்தைத் தேடினேன்.
எஃப்எஸ்டாப் கோப்பில் ஏழாவது வரி:
தகடு வந்தால் சிடிராம் சைபர் என்ற கோப்புறையில் வை,
நீயாக ஏற்றாதே,
கேட்டால் மட்டும் ஏற்று.
அந்தக் கோப்புறையை யாரோ எப்போதோ அழித்துவிட்டார்கள்.
வரி மட்டும் விடாமல் ஆணையிட்டுக்கொண்டிருக்கிறது.

எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் ஷிஜு.
இப்போது மஸ்கட்டில்.
எதைத் தொட்டாலும் மேலே தேதி எழுதிவைப்பாராம்.
இதற்கு எழுதவில்லை.

வரியை அழிக்க மனசு வரவில்லை,
எதற்காக எழுதினாரோ.
தலையில் ஒரு ஹேஷ் மட்டும் வைத்தேன்,
இனி அது வெறும் பேச்சு.

தகட்டைத் திரும்பப் போட்டேன்.
கிர்ரென்றது. யோசித்தது.
திரையின் ஓரத்தில் வட்டமாக ஒரு படம்,
கூப்பிடாமலே.

"ஆயோ?" என்றார் மேடம், கண்ணைத் திறக்காமல்.
ஆயிற்று.
ஹேஷுக்கு மேலே தேதியை எழுதினேன்,
மணியையும்.
பொள்ளாச்சிப் பக்கமிருந்து
அடுத்த டேங்கரின் விளக்கு வந்துகொண்டிருந்தது.