வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஜோடி பூட்ஸ்

பிடுங்கியபோது வேர் வரவில்லை,
வீங்கிய விரல்கள் வந்தன,
மூட்டுவாதக்காரியின் கைபோல
முடிச்சு முடிச்சாய்,
அழுகல் நாற்றத்தோடு.
பன்னிரண்டு முட்டைக்கோஸ். பன்னிரண்டும்.

என் தவறுதான்.
லுப்லின் நகரத்தில் பதினாறு வருடமாய்
டிராலிபஸ் ஓட்டுகிறவள் நான்.
தலைக்குமேல் கம்பி போகிற வழியில் போய்
அதே வழியில் திரும்புகிறவள்.
கிழக்குப் பாத்தியில் கோஸ் நன்றாக வந்தது,
அதனால் மறுவருடமும் கிழக்குப் பாத்தி,
அதற்கு மறுவருடமும்.
நன்றாக இருப்பதை எதற்கு மாற்ற?

நடுவில் ஒரு வருடம் முள்ளங்கி போட்டேன்.
மாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.
முள்ளங்கி, கடுகு, டர்னிப், கோஸ்
எல்லாம் பங்காளிகள் என்று
எனக்கெப்படித் தெரியும்?
அண்ணன் எழுந்த இலையில்
தம்பி வந்து உட்கார்ந்தால்
அது பந்தி மாறியதாகுமா?

விதைக்கடைப் பெண் வேரைப் பார்த்தாள், தொடவில்லை.
"ஏழு வருடம்" என்றாள்.
பட்டாணி போடு, வெங்காயம் போடு,
பீட்ரூட், கேரட், என்ன வேண்டுமானாலும் போடு,
கோஸை மட்டும் மறந்துவிடு.
நீ இன்றைக்கே மறந்துவிடலாம்,
மண் மறக்க ஏழு வருடம் ஆகும்.

கோஸ் இல்லாத ஏழு குளிர்காலம்.
அடுப்படியில் பீங்கான் ஜாடி
புளிப்பு வாடையோடு காலியாக நின்றது.
பாத்திகள் நாலு இருக்கின்றனவே என்றால்
நாலிலும் நடந்தது
ஒரே ஜோடிக் கால்.

மேற்கு வேலிக்கு அப்பால் லுதோமிர்.
நாங்கள் பேசி மூன்று கோடை ஆகியிருந்தது.
அவருடைய செர்ரி மரம் என் தக்காளியை மறைத்தது,
நான் ரம்பம் எடுத்தேன்,
அவர் தோட்டச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார்.
அபராத ரசீது இன்னும்
என் கொட்டகை ஆணியில் குத்தியிருக்கிறது.

செப்டம்பரில் நான் வேர்களை எரித்தபோது
அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.
குப்பைக்குழியில் வீசாமல் எரித்தது
பிடித்திருக்க வேண்டும்.
"இந்த மண்ணுக்குக் கோஸ் என்றால் என்னவென்றே தெரியாது"
என்று வேலியிடம் சொன்னார்.
"எனக்கு ஆகாது. வயிறு."
கொஞ்ச நேரம் கழித்து, அதே வேலியிடம்:
"செர்ரிக்குக் கீழே இடம் சும்மாதான் கிடக்கிறது."

நிபந்தனை ஒன்றே ஒன்று.
என் மண்ணில் ஒரு பொட்டுகூட
அந்தப் பக்கம் வரக் கூடாது.
முள்கரண்டியில், வாளியில், நகக்கண்ணில்.
சந்தையில் பச்சை ரப்பர் பூட்ஸ் வாங்கினேன்.
வேலி தாண்டிப் போனதோடு சரி,
அது இந்தப் பக்கம் திரும்பியதே இல்லை.

பழையதைக் கழற்றிவிட்டு
காலுறையோடு ஒரே எட்டு வைத்துப்
புதியதில் இறங்க வேண்டும்.
அந்த ஒரு எட்டுக்கு
முதல் வருடம் பலகை போட்டிருந்தார்.
இரண்டாம் வருடம்
பிடித்துக்கொள்ள ஒரு கம்பு நட்டிருந்தார்.
பலகையைப் பற்றியோ கம்பைப் பற்றியோ
நாங்கள் பேசவில்லை.

அங்கேயும் கோஸை நின்ற இடத்தில் நிற்க விடுவதில்லை.
மார்ச் மாதம் குச்சியால் கோடு கிழிப்பார்:
போன வருடம் அது வரை,
இந்த வருடம் இது வரை.
ஜூலை வெயிலில் அந்தச் செர்ரி நிழலை
நான் குறை சொல்வதில்லை.
நாற்றுகளும் சொல்வதில்லை.
என் கிழக்குப் பாத்தியில் பட்டாணி கொடியேறுகிறது,
முதல் பறிப்பு அவருக்கு. அது வயிற்றுக்கு ஆகும்.

இது ஐந்தாம் வருடம்.

நேற்று ராத்திரி நல்ல மழை.
ஷிஃப்ட் முடிந்து ஓடிப்போய்ப் பார்த்தேன்.
பூட்ஸ் இரண்டும் தலைகீழாய்க்
குச்சிகளில் கவிழ்ந்திருந்தன,
உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை.
இடது கால் குதியில்,
நான் யாரிடமும் சொல்லாத ஓட்டையின்மேல்,
சைக்கிள் டியூப் ஒட்டு.

விதைக்கடைப் பெண் ஏழு என்றுதான் சொன்னாள்.
ஒரு கடைப் பேச்சை மட்டும் நம்பிவிடக் கூடாது.
பத்து என்று சொல்கிற கடையும்
எங்காவது இருக்கும்.