அடியில் ஒரு மீன்

முதலில் அவள் எனக்கு ஓர் அளவு.
ஐந்தரை. அகலம் மூன்று எக்ஸ்.
குதியில் ஒரு நூல் குறைத்து.

வினிபெக். அரங்கின் நிலவறையில்
கொதிகலனுக்குப் பக்கத்து அறை.
வருகிற பெட்டிகளை எண்ணிப் பெயர் எழுதி
இறாக்கையில் அடுக்குகிறவன் நான்.
தர்மினி என்று எழுதும்போது
பேனை கொஞ்சம் நின்றது. அவ்வளவுதான்.
எந்த ஊர் என்று அவளும் கேட்கவில்லை.

சாட்டின் எல்லாம் ஒரே இளஞ்சிவப்பு.
பட்டியலில் அதற்குப் பெயர் தோல் நிறம்.
யாருடைய தோல் என்று போட்டிருக்காது.
ஒரு சட்டியில் தேயிலையைக்
கறுக்கக் கறுக்கக் காய்ச்சித்
தூரிகையால் பூசுவாள், மூன்று பூச்சு.
"மிச்சம் இருக்கு, குடிக்கிறீங்களா?" என்பாள்.
வாரத்துக்கு மூன்று சோடி, பதினோரு வருசம்.
கணக்குப் பார்த்தேன் ஒருநாள்:
ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம்.

காய்ந்ததும் அடி விழும்.
படிக்கட்டுச் சீமெந்தில் ஓங்கி ஓங்கி அறைவாள்,
கதவிடுக்கில் வைத்து நெரிப்பாள்.
மேடையில் சத்தம் கேட்கக் கூடாது.
அன்னம் நடந்தால் ஆருக்குக் கேட்கும்?
இருபத்து நான்கு அன்னங்களில்
பதினேழாவது அவள். பிறகு ஒன்பதாவது.
யாருக்கோ வந்த காய்ச்சலின் புண்ணியத்தில்
நான்கு இரவுகள் முதலாவது.

பெப்ரவரி. ஞாயிறு மதியக் காட்சி.
குதிநரம்பு அறுந்த சத்தத்தைத்
தங்கள் தந்தி ஒன்று தெறித்ததாக
வாத்தியக்காரர்கள் நினைத்தார்களாம்.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
அவளுடைய அடுத்த சோடிக்கு
நாடா தைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சோடி இறாக்கையிலேயே கிடந்தது.

அடுத்த குளிருக்கு முன்
ஒரு பக்கம் சாய்ந்தபடி இறங்கி வந்தாள்.
"எட்டுச் சோடி வேணும். அடிக்காதது."
கல்லு மாதிரி இருக்கும் என்றேன்.
"அதுதான் வேணும்."

போர்ட்டேஜ் அவெனியூவில்
ஊன்றுகோலோடு பஸ்ஸுக்கு நின்ற மாதங்களில்
சனத்தின் கால்களைப் பார்த்தாளாம்.
பூச்சியத்துக்குக் கீழே முப்பதில்
சும்மா நிற்கிறவர் எவருமில்லை.
பாரம் இந்தக் காலுக்கு, அந்தக் காலுக்கு,
பிறகு இரண்டுக்கும் இல்லாமல் ஒரு துள்ளல்.
அதையே எட்டுப் பேருக்குக் கொடுத்தாள்.
கைகள் கடைசிவரை கோட்டுப் பைக்குள்.
பாட்டில்லை. விறைத்த சப்பாத்துகள்
பலகையில் விழுகிற ஓசை மட்டும்.

இயக்குனர் மார்சலென் ஒத்திகையில் முகம் சுளித்தார்:
"சத்தம் கேட்குது."
"கேட்கட்டும்" என்றாள்.
பதினோரு வருசத்து அடியும்
அந்த ஒரு சொல்லில் இருந்தது.

பத்திரிகையிலிருந்து ஒருவர் வந்தார்.
உங்கள் மரபு எங்கே, என்றார்,
ஒரு முத்திரைகூடக் காணோமே கைகளில்.
அவள் ஒரு சப்பாத்தைக் கவிழ்த்துக் காட்டினாள்.
தோல் அடியில் சின்னதாக அழுத்திய மீன்.
எங்கோ ஒரு பட்டறையில்
அதைச் செய்தவர் குத்துகிற அடையாளம்.
"ஆளைக் கண்டதில்லை.
என்னைத் தாங்கினது இவர்தான்.
முத்திரை இங்கே இருக்கு."
அவர் அதை எழுதவில்லை.

முதல் இரவில் திரைமறைவில் நின்றேன்,
இத்தனை வருசத்தில் முதல் தடவை.
ஏப்ரலில் சிவப்பாறு உடைவதுபோல
ஒன்று, பிறகு இரண்டு, பிறகு எண்ண முடியவில்லை.
ஏழெட்டுப் பேர் எழுந்து போனார்கள்.
மூன்றாம் வரிசையில் ஒரு கிழவர்
தன் பனிச்சப்பாத்தால் தரையை
மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார்.
அவருக்கே அது தெரிந்திருக்காது.

காலையில் மேசையில் அவளுடைய படிவம்.
எட்டுப் பெயர், எட்டு அளவு.
நிறம் என்ற கட்டத்தில்
மேலிருந்து கீழே ஒரே சொல்:
அவரவர்.

இனி எனக்கு
எட்டுச் சட்டி வேண்டும்.