ஒருவர் வாக்களிக்கவில்லை

பேராசிரியர் டெர்வ்லா ஹெனிகன்
முப்பத்தொரு வருடம் எண்ணிக்கொண்டிருந்தது
வாக்களிக்காதவர்களை.

பிரஸ்ஸல்ஸில், அமைச்சர்கள் கூடும் கட்டடத்தின் ஆவண அறையில்
குறிப்பேடுகளைக் கேட்டு வாங்கி
ஆம் என்றவர்களைத் தாண்டி
இல்லை என்றவர்களையும் தாண்டி
கடைசி வரியில் போய் நிற்பாள்.
திராட்சைத் தோட்ட மானியம்: ஒரு நாடு வாக்களிக்கவில்லை.
ஹெர்ரிங் மீன் பங்கீடு: இரண்டு நாடுகள்.
ஏன் என்று எந்த ஏட்டிலும் இராது.
அந்த ஏனுக்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

நான் அவள் துறையில் கூட்டக் குறிப்பு எழுதுகிறவள்.
லிமரிக்கில், ஷானன் ஆறு தெரியும் இரண்டாம் மாடி.
யார் தாமதம், யார் வர இயலாமைக்கு வருந்தினார்,
தேநீருக்குப் பால் இனி யார் வாங்குவது
(ஐந்து முறை ஒத்திவைக்கப்பட்டது).

அவளுடைய முதல் புத்தகம் நூற்றிருபது பிரதி போனது.
ஒன்றை வாங்கியவர் அவள் அப்பா,
மோனஹனில் மாட்டு லாரி ஓட்டியவர்.
எல்லையில் சுங்கச் சாவடி இருந்த நாட்களில்
வடக்கிலிருந்து மலிவு வெண்ணெய் கடத்தி வருவார்.
'அறிவிக்க ஏதாவது உண்டா?' என்பார் அதிகாரி.
அப்பா மழையைப் பார்ப்பார்.
பக்கத்து இருக்கையில் ஏழு வயது டெர்வ்லா
வெண்ணெய்மேல் உட்கார்ந்திருப்பாள்,
அது இளகுவது தெரிந்தும் அசையாமல்.

ஒருநாள் நகல் இயந்திரம் காகிதத்தை மென்றுகொண்டிருந்தபோது
எனக்கு விளக்கினாள்:
'மௌனம் சம்மதம் என்பது பாதிச் சட்டம்தான், டிம்ப்னா.
எல்லாரும் ஒத்துக்கொண்டாக வேண்டிய விஷயத்தில்
சும்மா இருப்பவன் தடுப்பதில்லை. அது ஆம் மாதிரி.
பெரும்பான்மைக்குத் தலை எண்ணும் விஷயத்தில்
சும்மா இருப்பவன் ஒரு தலை குறைவு. அது இல்லை மாதிரி.
அதே நாற்காலி, அதே ஆள், அதே மூடின வாய்.
காலையில் ஆம், மத்தியானம் இல்லை.'
இயந்திரத்தை ஒரு தட்டுத் தட்டினாள். ஓடியது.

யெப்பே என்று ஒருவன் இருந்தான்.
டேனிஷ்காரன், மொழிபெயர்ப்பாளன்,
கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து
பிறர் பேச்சைப் பேசியே பிழைத்தவன்.
லக்சம்பர்க் ரயிலடியில், ஒரு நவம்பரில்,
சொந்தமாக ஒரு வாக்கியம் பேசினான்.
அவள் வாய் திறக்கவில்லை.
எந்த விதிப்படி எண்ணினானோ,
ரயிலேறிவிட்டான்.
இதைச் சொன்னபோது ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.
சுளைகளை எண்ணி
எனக்கு ஒன்று கூடுதலாகத் தந்தாள்.

எல்லைப் பேச்சு மறுபடி கிளம்பிய வருடம்
தொலைக்காட்சியில் அழைத்தார்கள்.
நாற்பது விநாடிக்குள் சொல்லுங்கள், சாவடி திரும்ப வருமா?
பதினொரு விநாடி யோசித்தாள்.
நேரலையில் அது ஒரு யுகம்.
பிறகு அவர்கள் கூப்பிடவேயில்லை.
அன்றிரவு அப்பா மட்டும் தொலைபேசினார்:
'சரியாகச் சொன்னாய்.'

போன மார்ச்சில் எங்கள் துறையை
வணிகப் பள்ளியோடு இணைக்கும் தீர்மானம்.
ஆதரவு ஆறு.
எதிர்ப்பு ஆறு.
பன்னிரண்டு பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.
அவள் மழையைப் பார்த்தாள்.
நான் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தேன்,
கை வலிக்கும்வரை.
தலைவர் தம் கூடுதல் வாக்கைப் போட்டார். இணைந்தோம்.

எல்லாரும் போன பின் என் மேசைக்கு வந்தாள்.
'ஒருவர் வாக்களிக்கவில்லை' என்ற வரியைப் படித்துவிட்டு
'பெயர் போடமாட்டாயா?' என்றாள்.
வழக்கமில்லை என்றேன்.
'போடு. பின்னால் யாராவது தேடி வருவார்கள்.'

போட்டேன், முழுப் பெயராக.
ஏன் என்று கேட்க வாயெடுத்து
அடுத்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டேன்.
பால் விஷயம்
ஆறாம் முறையாக ஒத்திவைக்கப்பட்டது.