கடைமடைக்கு வரவில்லை

மன்னார்குடி. மேலராஜ வீதிக்குப் பின்தெரு.
உரக்கடை மாடியில் என் மேசை.
யூரியா வாசனையில் எழுதிய நிரல்
பத்தேகாலுக்கு 'முடிந்தது' என்றது, பச்சை எழுத்தில்.
நம்பினேன்.
வெளியிட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

கூத்தாநல்லூரிலிருந்து ஜெகபர் கூப்பிட்டான்:
"செங்கொடி, ஓடுற கோப்பெல்லாம் இருக்கு,
டைப் ஒண்ணுகூட இல்லை.
எதைத் தொட்டாலும் 'எதுவாகவும் இருக்கலாம்'ங்குது.
மூட்டை எடை எண்ணா எழுத்தான்னு கேட்டா
அதுக்கும் அதேதான்."

டைப் அறிவிப்பு சிட்டா மாதிரி.
சர்வே எண், பரப்பு, யார் பேரில் என்று இருக்கும்;
ஒரு பிடி மண் இருக்காது.
அது இல்லாமல் போனால்
எந்த வங்கியும் உன்னை உன் வயலோடு சேர்த்துப் பார்க்காது.

கம்பைலரிலிருந்து இரண்டு ஸ்ட்ரீம் பிரிகிறது.
ஜாவாஸ்கிரிப்ட் ஒன்று: சுருக்கி, பெயர் குறுக்கி அனுப்ப வேண்டும்.
அறிவிப்பு இன்னொன்று: அதில் கைவைக்கக் கூடாது.
நான் முதலாவதை மட்டும் திருப்பித் தந்திருந்தேன்.
அது போய்ச் சேர்ந்ததும் பில்டு கதவைச் சாத்திவிட்டது,
மற்றது பாதி வழியில் நிற்க.

கீழே கடையில் ஒருவர் போனில் கத்திக்கொண்டிருந்தார்:
"தொறந்தாச்சுன்னு பேப்பர்ல போட்டாச்சு,
லஸ்கர் நோட்டுல எழுதியாச்சு,
தலைஞாயித்துல என் வாய்க்கால்ல
நண்டு ஓடுது சார், நண்டு!"
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மதியம், அறிவிப்புகளை
மூலக் கோப்புறையிலேயே இறக்கிப் பார்த்தேன்.
தப்பு.
காவலுக்கு வைத்த வாட்ச்
தான் போட்டதையே புதுசென்று கண்டு
மறுபடி கட்ட, மறுபடி போட, மறுபடி காண
லேப்டாப் விசிறி அறுவை மெஷினாக இரைந்தது.
பேட்டரி பழசு. கரண்ட் போனதும் தானாக அடங்கியது.

சாயங்காலம் இரண்டு ஸ்ட்ரீமையும் ஒன்றாகக் கட்டி
இரண்டும் முடிந்தால்தான் முடிந்தது என்று எழுதினேன்.
எண்ணினேன். நாற்பது ஓடுகோப்பு, நாற்பது அறிவிப்பு.
ஜெகபர் சொன்னான்:
"வந்துடுச்சு. 'மரக்கால்'னு ஒண்ணு,
அது மட்டும் யாருன்னு தெரியலையாம்."

மரக்கால்,
முதல் நாள் நானே கைப்பட எழுதிய அறிவிப்பு.
கம்பைலர் அதை ஒவ்வொரு முறையும் படிக்கிறது.
எடுத்துப் போவதென்னவோ
தான் செய்ததை மட்டும்.

ஒரே ஒரு கோப்புக்காக
மூன்றாவது வாய்க்கால் வெட்டினேன்.
கீழே ஷட்டர் இழுக்கிற சத்தம்.
தலைஞாயிற்றுக்காரர்
ஒரு மூட்டையும் வாங்காமல் போயிருந்தார்.