அரைப்புள்ளிக்கு ஒரு சைகை

குத்தாயிசி நகரத்தில், ரொட்டிக்கடைக்கு மேல்மாடியில்
எங்கள் வகுப்பு.
கீழே அடுப்பெரிந்தால் எங்களுக்குத் தரை சுடும்.
பனிக்காலத்தில் அதற்காகவே வந்தவர்கள் இருவர்.
ஒருவர் தங்கிவிட்டார்.

முதல் நாள் நான் பலகையைப் பார்த்தபடி
கால்மணி நேரம் நிரல் என்றால் என்னவென்று பேசினேன்.
திரும்பியபோது ஒன்பது பேரும்
என் முதுகைப் பொறுமையாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.
ஷொரேனா எழுந்து போய்
விளக்கை இருமுறை அணைத்துப் போட்டாள்.
இங்கே கூப்பிடுவது இப்படி.

மாறிக்குச் சைகை இல்லை, சுழற்சிக்கு இல்லை.
விரலால் எழுத்தெழுத்தாய்ச் சொல்லி முடிப்பதற்குள்
கணினி தூங்கிவிடும்.
ஆகவே செய்துகொண்டார்கள்.
மூடிய கையைத் திறந்து, உள்ளிருப்பதை எடுத்து
வேறொன்றை வைத்து மூடினால் மாறி.
கிளைக்கு, முழங்கையிலிருந்து பிரியும் இன்னொரு கை;
அது பக்கத்தில் இருப்பவருடையதாக இருக்க வேண்டும்.
தனியாக இருக்கும்போது கிளை என்று சொல்ல முடியாதே என்றேன்.
தனியாக இருந்தால் யாரிடம் சொல்லப்போகிறீர்கள் என்றார் ஓத்தியா.
அரைப்புள்ளிக்கு மட்டும்
மூன்று வாரம் சண்டை. முடிவில்லை.

ஓத்தியாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. லிஃப்ட் பழுது பார்ப்பவர்.
திறந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டார்.
வெள்ள எச்சரிக்கைக்கென ஒரு கட்டற்ற மென்பொருள்,
பல நாட்டவர் சேர்ந்து கட்டுவது.
யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம் என்று
வாசலிலேயே எழுதியிருந்தது.
பார்த்தார்.
ஆறு ஏறினால் மணியடிக்கும்.
மணி மட்டும்.

திரை மினுங்கப் பதினொரு வரி எழுதி அனுப்பினார்.
பதில் வந்தது: 'நல்ல யோசனை!
வியாழன் இரவு குரல் கூட்டத்துக்கு வந்து விளக்குங்கள்.'
எங்களிடம் காட்டிச் சிரித்தார்.
பிறகு சிரிக்கவில்லை.
உங்களுக்காக நான் பேசுகிறேனே என்றேன்.
அதற்கு அவர் காட்டிய சைகையை இங்கே எழுத முடியாது.

அவரே எழுதினார்:
'எனக்குக் காது கேட்காது. வரிகள் பதினொன்று.
வரிகளைப் படிக்கக் குரல் எதற்கு?'

ஒன்பது நாள் ஒன்றுமில்லை.
பத்தாம் நாள் துர்க்குவிலிருந்து ஐலா:
'இனிக் கூட்டம் எழுத்தில்.
எனக்கே தோன்றியிருக்க வேண்டும்.'

முதல் எழுத்துக் கூட்டத்தில்
நான்கு வருடமாக வணக்கம் தவிர எதுவும் சொல்லாத
ரொசாரியோ நகரத்து எவாரிஸ்தோ
நாற்பது வரி எழுதினான், கடைசியில்
'எனக்குத் திக்கும்' என்று ஒரு வரி.
யாரோ ஒருத்தி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே
ஒற்றைக் கையால் தட்டினாள்.
அகராதியைப் புரட்டிவிட்டுப் பதில் சொல்ல
எங்களுக்கும் நேரம் இருந்தது.
ஒருவர் மட்டும் 'ரொம்ப மெதுவாகப் போகிறது' என்று விலகினார்.
பொய்யில்லை.
மெதுவாகத்தான் போனது.

ஏழாம் வரியில் அரைப்புள்ளி விட்டுப்போயிருப்பதை
ஐலா குறித்திருந்தாள்.
எனக்கு முகம் சுண்டியது. சொல்லிக்கொடுத்தவன் நான்.
ஓத்தியாவோ அந்தக் குறிப்பை
ரொட்டிக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் காட்டினார்:
பிழை சொல்கிறார்கள் என்றால்
ஏழாம் வரி வரை வந்திருக்கிறார்கள்!
அன்றே சண்டை தீர்ந்தது.
மூக்கு நுனியில் ஒரு தொடுகை,
கீழே அவருடைய மீசையில் பாதி.
மீசையில்லாத ஷொரேனாவும் அப்படித்தான் போடுகிறாள்.

மார்ச்சில் ஒரு மாலை மின்சாரம் போனது.
இருட்டில் ஒருவருக்கும் கை இல்லை.
நான் தீப்பெட்டி தேடுவதற்குள்
மடிக்கணினிகளை ஒவ்வொன்றாய் நடுவே திருப்பினார்கள்;
அந்த நீல வெளிச்சத்தில்
விரல்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கின.
நான் வாய் திறந்தேன், மூடினேன்,
வெளிச்சத்துக்குள் கையை நீட்டி
'சுழற்சி புரிந்ததா' என்று கேட்டேன்.

'ரொட்டி' என்று வந்துவிட்டதாம்.
ஷொரேனா கீழே இறங்கிப் போய்
வாங்கி வந்தாள், சூடாக.